ஞாயிற்றுக்கிழமை வாறுகால்

பிச்சைக்கண்ணுவுக்குப் பொய் சொல்லிப் பழக்கம் கிடையாது. பழக்கம் இருந்திருந்தால் பதினோரு நாளும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்க மாட்டார்.

“மேக்க போவாதீங்க மேடம். காட்டுமாடு நிக்கும்.”

நிலத்தை அளந்து படம் போட வந்திருந்த ஜெசி அதை முழுசாக நம்பினாள். உவரிக் கடற்கரையில் பிறந்து வளர்ந்த பெண். எந்த மாசத்தில் எந்த மீன் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் சொல்லுவாள். காட்டுமாடு எங்கே நிற்கும் என்று அவளுக்கு என்ன தெரியும்? அவளுடைய படத்தில் மேற்கு ஓரமாக இதற்குள் மூன்று இடத்தில் வட்டம் போட்டுக் ‘காட்டுமாடு’ என்று எழுதியாகிவிட்டது. கூடவே வந்த வனக்காப்பாளன் சங்கிலிபூதத்தான்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு வானத்தைப் பார்ப்பான். பன்னிரண்டு வருஷம் இந்த மலையில் காலம் தள்ளினவன். காட்டுமாடு நின்றால் அவன் மூக்குக்கு முதலில் தெரிந்துவிடும். மனுஷர் என்னத்தையோ மனசில் வைத்துக்கொண்டு சொல்கிறார், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தான்.

நாலுமுக்கு ஊருக்கும் மேலே, மூடிப்போன தேயிலை எஸ்டேட்டில், ஒன்பதாம் நம்பர் காட்டுக்குப் பின்புறம் இருக்கிறது அந்தப் பள்ளம். எஸ்டேட் ஆட்கள் அதற்கு ஆனையுளை என்று பேர் வைத்திருந்தார்கள். எந்தக் காலத்திலோ ஒரு யானை உளையில் இறங்கி ஏற முடியாமல் போனதாம். பார்த்தவர் யாரும் இல்லை. கன்னங்கரேல் என்று சேறு, அதன்மேல் பாசியும் கோரையும். ஓர் இடத்தில் காலை ஊன்றினால் பத்தடி தள்ளி நிற்கிற கோரை ஆடும். ஜெசியின் காகிதத்தில் இதற்கு ‘முற்றா நிலக்கரி நிலம்’ என்று பேர்.

“இது மண்ணே இல்ல அண்ணாச்சி,” என்று முதல் நாளே அவள் சொன்னாள். “பூராவும் செத்த செடி. தண்ணிக்குள்ளயே கெடந்து, அழுக வழியில்லாம, ஒண்ணுமேல ஒண்ணாப் படிஞ்சு இப்படி ஆயிருக்கு. மழைத் தண்ணியக் குடிச்சு வச்சிக்கிட்டு கோடையில கொஞ்சங் கொஞ்சமா ஆத்துக்கு விடும். இந்த மாதிரி எடம் எங்கெங்க இருக்கு, எவ்வளவு ஆழம், எது உசுரோட இருக்கு, எது சாவுது, இதெல்லாம் தெரிஞ்சாத்தான காப்பாத்த முடியும்?”

அதற்குத்தான் பிச்சைக்கண்ணுவைக் கூட்டிவந்திருந்தார்கள். எஸ்டேட் மூடி, சனங்கள் எல்லாரும் கீழே இறங்கி, கவாத்து இல்லாமல் தேயிலைச் செடியெல்லாம் மரமாக நிற்கிறது. தேயிலைக்கு நடுவே தண்ணீர் வடிய வெட்டின வாறுகால் எது எங்கே போகிறது என்று இப்போது கண்ணுக்குத் தெரியாது. பிச்சைக்கண்ணு முப்பத்துநாலு வருஷம் அங்கே வாறுகால் வெட்டினவர். ஒரு குப்பியில் பாதித் தண்ணீர் ஊற்றிப் படுக்கப்போட்டு, அதில் மட்டம் பார்த்துக் கயிறு பிடித்தாரென்றால் ஒரு விரல்கடை பிசகாது. சங்கிலிபூதத்தான் ஆழ்வார்குறிச்சிக்கே போய், வாடகை வீட்டைத் தேடிப் பிடித்து, அவரை அழைத்துவந்தான்.

அழைத்தபோது அவர் யோசித்தார். அவர் பெண்டாட்டி சுடலைவடிவுதான், “போங்க,” என்றாள். “இப்பம் செக்போஸ்ட்ல நம்மளச் சும்மா மலைக்கு விடமாட்டாவ. இதச் சாக்கா வச்சாவது பிள்ளயப் பாத்துட்டு வாங்க.”

பிள்ளை இருப்பது ஆனையுளையின் மேற்கு ஓரத்தில். இசக்கிச்செல்வி என்று பேர். ஐந்து வயசில் காய்ச்சல் கண்டது. அடைமழையில் மலைரோடு சரிந்து கிடந்ததால் கீழே கொண்டுபோக வழியில்லாமல் மூன்றாம் நாள் போய்விட்டாள். மற்ற இடமெல்லாம் பாறையும் வேரும். மழைக்காலத்தில் சின்னப் பிள்ளைகளை அந்த இளக்கமான மண்ணில் வைப்பதுதான் எஸ்டேட் வழக்கம். தலைமாட்டில் மூன்று கல்லை நட்டுவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு பிள்ளை இல்லை. சுடலைவடிவு அன்றைக்கும் அவரைச் ‘செல்வியப்பா’ என்றுதான் கூப்பிட்டாள், இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாசமும் மழை விடவில்லை. எஸ்டேட் லயத்து வீட்டில் தகரத்தின்மேல் மழை விழுகிற சத்தம் கேட்டால் போதும், சுடலைவடிவு கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். “பிள்ள நனையுதே செல்வியப்பா, பிள்ளைக்குக் குளிருமே,” என்று முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். சோறு பொங்க மாட்டாள். கொழுந்தெடுக்கவும் போக மாட்டாள். என்ன சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் அவளே ஒரு நாள், “ஊருக்கெல்லாம் வாறுகா வெட்டுதிய. எம்பிள்ளைக்கு ஒண்ணு வெட்டக்கூடாதா?” என்று கேட்டாள்.

வெட்டினார். வேலையில்லாத நாள் ஞாயிறு ஒன்றுதான். ஏழு ஞாயிறு வெட்டினார். பிள்ளை இருக்கிற இடத்தைச் சுற்றி ஓடி, பள்ளத்து விளிம்பை உடைத்துக்கொண்டு மேற்கே ஓடையில் போய் விழுகிற மாதிரி, ஓரடி அகலத்தில் ஒரு வாறுகால். யாரிடமும் கேட்கவில்லை, யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. அந்த மழைக்குப் பிறகு அந்த இடத்தில் தண்ணீர் நிற்கவில்லை. சுடலைவடிவு போய்க் கையால் மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். பிறகு வருஷா வருஷம் புரட்டாசியில் அதைத் தூர்வாருவது அவருக்கு ஒரு நேர்ச்சை மாதிரி ஆகிவிட்டது. எஸ்டேட்டை விட்டு இறங்குகிற வருஷம்கூட வாரிவிட்டுத்தான் இறங்கினார்.

ஜெசியின் வேலை புதர் மூடின வாறுகாலைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்வது. அவருக்குக் காட்டுமாடு நினைவுக்கு வந்ததற்குக் காரணம் இதுதான்.

காலையில் கட்டஞ்சாயாவைக் குடித்துவிட்டு, அட்டைக்கு உப்பையும் புகையிலையையும் காலில் தேய்த்துக்கொண்டு இறங்குவார்கள். ஐம்பது தப்படிக்கு ஓர் இடம். ஒன்றோடொன்று திருகிச் சேர்க்கிற இரும்புக் கம்பியை உளைக்குள் அழுத்தவேண்டும். கீழே களிமண்ணில் தட்டுகிறவரைக்கும் போகும். சில இடத்தில் ஒரு பனை ஆழம் போகுமோ என்று சந்தேகமாக இருக்கும். தட்டியதும் பிச்சைக்கண்ணு, “ஆச்சு,” என்பார். அவர் சொன்ன பிறகு இன்னொரு தடவை அழுத்திப் பார்க்கிற வேலையை ஜெசி இரண்டாம் நாளே விட்டுவிட்டாள். பிறகு துளை போட்ட ஒரு குழாயை நட்டு, உள்ளே தண்ணீர் எத்தனை ஆழத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுவாள்.

பதினோராம் நாள் மத்தியானம், பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மரச்சீனிக் கிழங்கு அவித்ததும், ஜெசி ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த சாளைக் கருவாட்டைச் சுட்டதும்.

“அண்ணாச்சி, ஒரு கணக்கு ஒதைக்கி,” என்றாள் ஜெசி. “கெழக்க தண்ணி நாலு விரக்கடையில நிக்கி. நடுவுல ஒரு முழம். மேக்க போவப் போவ எறங்கிக்கிட்டே போவுது. எஸ்டேட் பழைய படத்துல நாலு வாறுகா. நாலையும் நீங்க காட்டிட்டிய. நாலும் கெழக்கதான் இருக்கு. அப்பம் தண்ணி எப்படி மேக்க ஒழுகுது?”

“மலையில்லா மேடம். தண்ணி அது இஷ்டத்துக்குப் போவும்.”

“இஷ்டத்துக்குப் போவாது அண்ணாச்சி. சரிவு இருந்தாத்தான் போவும்.”

“காட்டுமாடு குடிச்சிருக்கும் மேடம்,” என்றான் சங்கிலிபூதத்தான்.

ஜெசிக்கு அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சந்தேகம் தட்டியது. இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிச்சைக்கண்ணு கருவாட்டு முள்ளை எடுப்பதில் மும்முரமாக இருந்தார்.

“சரி, இருக்கட்டும்,” என்றாள். “திங்கக்கெழமை படத்த அனுப்பியாகணும். பச்சைன்னா உசுரோட இருக்கது. மஞ்சள்னா அடைச்சாப் பொழைக்கும். சிவப்புன்னா செத்துட்டு. ஒழுகுத எடம் தெரியாம நான் மேக்க மஞ்சள் போட முடியாது. மேக்குப் பாதி பூரா சிவப்புதான்.”

“சிவப்புன்னா என்ன செய்வாவ?”

“ஒண்ணும் செய்யமாட்டாவ. அப்படியே விட்ருவாவ.”

“அங்கன யாரும் வரமாட்டாவளா?”

“எதுக்கு வாராவ? செத்த நிலத்துல என்ன வேலை?”

பிள்ளையை யாரும் தொடப்போவதில்லை. பிச்சைக்கண்ணு இன்னும் ஒரு கிழங்கு எடுத்துத் தின்றார். பதினோரு நாளில் அன்றைக்குத்தான் சாப்பாடு ருசித்தது.

அந்த ருசி மூன்று மணி வரைக்கும்தான். கிழக்கு ஓரத்தில் கடைசி இடம். உளையை உருளையாக அள்ளிக்கொண்டு வருகிற பாதிக்குழாய் ஒன்று ஜெசியிடம் உண்டு. ஆளுயரத்துக்கும் கீழே இறக்கி, திருகி, இருவரும் மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள். திறந்தால் கறுப்புச் சேற்றுக்கு நடுவே ஓர் இலை. முழு இலை. நரம்பு தெரிகிறது. பச்சையாக இருந்தது.

“ஞாவப்பழ மரத்து எலைல்லா இது,” என்றார் பிச்சைக்கண்ணு.

“எப்பம் விழுந்த எலைன்னு நெனைக்கிய?”

“என்ன, போன வருசம் விழுந்திருக்கும்.”

“ரெண்டாயிரம் வருசத்துக்குக் கொறையாது அண்ணாச்சி.”

அவர் சிரித்தார். ஜெசி சிரிக்கவில்லை. அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த இலையின் பச்சை மங்கிப் பழுப்பாகி, ஒரு வெற்றிலை போடுகிற நேரத்துக்குள் கறுத்துவிட்டது.

“காத்து பட்டுட்டுல்லா,” என்றாள். “தண்ணிக்குள்ள இருந்தமட்டும் அத ஒண்ணும் தொடல. எலை, பூந்தூளு, வண்டு எறக்கை, எது விழுந்தாலும் அப்படியே வச்சிருக்கும் இது.”

பிச்சைக்கண்ணு கறுத்த இலையை விரலால் தொட்டார். “மேக்க?” என்று கேட்டார்.

“மேக்க ஒண்ணும் இருக்காது. அத்தன ஆழத்துக்குக் காஞ்சு, காத்து உள்ள போயிட்டு. பொடியாப் போயிருக்கும்.”

“தண்ணி வடியாமயே இருந்திருந்தா?”

“இருந்திருந்தா எல்லாம் போட்டது போட்டபடி இருந்திருக்கும். ஏன் அண்ணாச்சி?”

அவர் கம்பியைக் கீழே வைத்துவிட்டுக் கோரைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். முப்பத்தொரு வருஷம் பிள்ளைமேல் ஈரம் படாமல் பார்த்தவர். புரட்டாசிக்குப் புரட்டாசி மண்வெட்டியைத் தீட்டிக்கொண்டு போய் வாரிவிட்டாரே, வாரி வாரிப் பிள்ளையைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டாரே. குளிரில் வைத்திருந்தால் அவள் அவளாகவே இருந்திருப்பாள். ஐந்து வயசுப் பிள்ளை ஐந்து வயசாகவே இருந்திருக்கும். வாய்விட்டு அழுதார். சங்கிலிபூதத்தான் ஜெசியைப் போகவேண்டாம் என்று கையைக் காட்டி நிறுத்தினான்.

எழுந்து வந்தவர், “சிவப்பு போடாதீங்க,” என்றார். “ஞாயித்துக்கெழம வந்துருதேன். வீட்டுல ஒரு வார்த்த கேக்கணும்.”

மறுநாள் காலை கீழே போகிற ஜீப்பில் மணிமுத்தாறு வந்து, அங்கிருந்து பஸ் மாறி ஆழ்வார்குறிச்சி வந்து சேர்ந்தபோது வெயில் உச்சியில் நின்றது. சுடலைவடிவு வாசல் நிழலில் சொளவுத் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். கொழுந்து கிள்ளிப் பழகின விரலுக்குப் பீடி மசியவில்லை. இரண்டு வருஷம் ஆகியும் ஒன்று தொப்பையாக இருக்கும், ஒன்று இழுத்தால் அவிழும்.

“பிள்ளயப் பாத்தியளா?” என்றுதான் கேட்டாள்.

“பாத்தேன். அவிய தங்குத எடத்துலருந்து விடியமுன்ன நான் மட்டும் போனேன். சுத்திலும் புதரு. மூணு கல்லும் நட்டபடி நிக்கி.”

“வாறுகா?”

“ஆளுயரத்துக்கு அரிச்சிட்டு.”

தண்ணீர் குடித்துவிட்டு அவர் எல்லாவற்றையும் சொன்னார். இலையைப் பற்றிச் சொன்னார். பிறகு அந்த வாறுகால் ஒன்றால் பாதிப் பள்ளம் காய்ந்து கிடப்பதைச் சொன்னார். சுடலைவடிவின் கை நிற்கவில்லை. இலையை வெட்டினாள், தூளை வைத்தாள், சுருட்டினாள். சுற்றின பீடி ஒவ்வொன்றும் கோணிக்கொண்டு வந்தது.

“நாந்தான வெட்டச் சொன்னேன்,” என்றாள்.

“வெட்டுனது நானு.”

“நாஞ் சொல்லாட்டா வெட்டிருப்பியளா?”

அவர் தண்ணீர்ச் செம்பை ஓரமாக நகர்த்திவைத்தார்.

“அடைச்சா என்ன ஆவும்?”

“தண்ணி ஏறும். அந்த எடம் தாழ்வுல்லா, முழங்காலளவு நிக்கும்.”

“கல்லு தெரியாதா?”

“தெரியாது.”

“அப்பம் நாம எங்கன போயி நின்னு பாக்க?” குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு உலகம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். “வீட்ட விட்டு எறக்குனாவ, எறங்குனோம். மலைய மறந்துருன்னாவ, சரின்னோம். மூணே மூணு கல்லு செல்வியப்பா. அதையுமா?”

“வேண்டாம்னா சொல்லிரு வடிவு. நான் போவல. சிவப்பு போட்டு விட்ருவாவ. பெறவு ஒருத்தரும் அங்கன வரப்போறதில்ல.”

அவள் எழுந்துபோய்ச் சோறு எடுத்துவைத்தாள். கத்திரிக்காய் போட்ட புளிக்குழம்பு. அவர் சாப்பிடச் சாப்பிட எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்குத் தட்டு எடுக்கவே இல்லை. விசிறி கிறீச்சிட்டுச் சுற்றியது. அந்த வீட்டில் அது தள்ளுகிறது வெந்த காற்றைத்தான்.

“அந்த எலை பச்சையாவா இருந்துச்சு?”

“பச்சையா இருந்துச்சு.”

“மெய்யாவா?”

“உம்மேல ஆணையா.”

“அடியில கொஞ்சமாவது ஈரம் இருந்திருக்கும்லா செல்வியப்பா? மழை மாசத்துலயாவது? பூராவுமா காஞ்சிருக்கும்?”

அவருக்குத் தெரியாது. ஜெசிக்கும் தெரியாது. ஆனால் கேட்டவளுடைய முகத்தைப் பார்த்தார். “இருந்திருக்கும்,” என்றார். “அடியில இருந்திருக்கும்.”

“அப்பம் மிஞ்சினது எதுவோ, அது மிஞ்சட்டும்,” என்றாள் சுடலைவடிவு. “காட்டிக்குடுங்க. ஆனா ஒண்ணு. வேற எவரும் அத அடைக்கக்கூடாது. நாந்தான் வெட்டச் சொன்னேன். நானும் வந்து ஒரு கூட மண்ணாவது போடுவேன். படம் போடுத அந்தப் பிள்ளைகிட்ட இத மட்டும் கேளுங்க.”

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவர் முன்னே நடந்தார். பின்னால் ஜெசி, அவளுக்குப் பின்னால் சங்கிலிபூதத்தான். காட்டுமாடு நிற்கும் என்ற இடத்தில் முள்ளை வெட்டி விலக்கி, வாறுகாலின் வாயைக் காட்டினார். ஜெசி உள்ளே இறங்கி நின்றாள். அவள் தலை வெளியே தெரியவில்லை. கையிலிருந்த கருவியோடு அடி அடியாக அதைப் பின்பற்றி மேலே வந்தவள், வளைவு திரும்பின இடத்தில் மூன்று கல்லையும் பார்த்து நின்றுவிட்டாள். சங்கிலிபூதத்தான் தொப்பியைக் கழற்றினான்.

“எத்தன வயசு அண்ணாச்சி?”

“அஞ்சு.”

“படத்துல இந்த எடத்துல ஒரு புள்ளி வைக்கவா?”

“வேண்டாம் தாயி. வாறுகால மட்டும் போடுங்க. எம்பொஞ்சாதி ஒண்ணு கேட்டா,” என்று அவள் கேட்டதைச் சொன்னார்.

படத்தில் மேற்குப் பாதி மஞ்சளாகப் போனது. கார்த்திகை பிறந்த பிறகு, இதன் பலனைப் பார்த்துவிட்டு மற்றதைச் செய்யலாம் என்று இந்த ஒரு வாறுகாலை முதலில் அடைக்க உத்தரவு வந்தது. மண் சுமக்கிற ஆட்களின் பட்டியலில் ஜெசி முதல் பேராக எழுதியிருந்தது சுடலைவடிவு. செக்போஸ்ட்டில் சங்கிலிபூதத்தானே ஜீப்பில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். நாலுமுக்கில் கதவில்லாத லயத்து வீடுகளைக் கடந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள்.

நாலு நாள் வேலை. பலகையை நிறுத்தி அடித்து, இடையில் உளையையே அள்ளிப் போட்டு மிதித்தார்கள். பிச்சைக்கண்ணு பழைய குப்பியில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்தார். வெட்டும்போது தண்ணீர் ஓடப் பார்த்த மட்டத்தை இப்போது ஓடாமல் நிற்கப் பார்த்தார். சுடலைவடிவு ஒரு கூடையோடு நிறுத்தவில்லை. ஆண்களுக்குச் சரியாகச் சுமந்தாள். ஜெசி பிடுங்கினாலும் கூடையைக் கொடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் மற்ற ஆட்கள் எல்லாம் முன்னால் இறங்கிவிட்டார்கள். தண்ணீர் அடைப்பில் முட்டி, திரும்பி, கோரைக்குள் பைய ஏறிக்கொண்டிருந்தது. இருவரும் மேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் கல் மத்தியானமே மூழ்கிவிட்டது. இரண்டாவது மூழ்கியபோது மழை தூற ஆரம்பித்தது. பிச்சைக்கண்ணு பதறிப்போய்ப் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷமாக மழை விழுந்தால் அவர் முதலில் பார்ப்பது அந்த முகத்தைத்தான்.

சுடலைவடிவு தண்ணீரில் மழை விழுகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“செல்வியப்பா, தண்ணிக்குள்ள இருக்கவளுக்கு மழை பெய்யது தெரியாதுல்லா?”

“தெரியாது.”

“நனையுதோம்னு இருக்காதுல்லா?”

“இருக்காது வடிவு.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கண்ணிலிருந்து வடிந்ததைத் துடைக்கவில்லை. மேலே ரோட்டிலிருந்து சங்கிலிபூதத்தான், ஜீப்புக்கு நேரமாகிவிட்டது என்று சத்தம் கொடுத்தான். பிச்சைக்கண்ணு எழுந்து கையை நீட்டினார்.

“இருங்க,” என்றாள் சுடலைவடிவு. “இன்னும் ஒரு கல்லு தெரியுது. அதும் மூடட்டும். பெறவு போவோம்.”